லாப்ரடாரைத் தரமாட்டேன்

அக்கா மகனின் பிறந்தநாளுக்கு அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஒரு லாப்ரடார் நாய்க்குட்டி வாங்கினார். கொஞ்ச நாள் ஆளாளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். வளர்ந்ததும் மாடிப்படிக்கு அடியில் முழ நீளச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டை உரசி உரசி அதன் கழுத்து புண்ணாகியிருந்தது. காதெல்லாம் உண்ணி. தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது.

மாமா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சும்மா குலைச்சிக்கினே இருக்குது. பேஜாரு. நாளைக்கு கார்ல ஏத்திக்கினு போயி டோல்கேட் தாண்டி வுட்டுட்டு வந்துடுவேன்."

"வண்டியில அடிபட்டுச் செத்துடும் மாமா."

"அதுக்கு நான் இன்னா பண்றது? பொட்டை நாய் வேற. குட்டி போட்டா எவன் பாக்குறது?"

அக்கா எனக்கு ரசம் ஊற்றினாள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். போய்ச் சங்கிலியை அவிழ்த்தேன்.

"நான் இட்டுக்கினு போறேன்."

"தாராளமா போ. ஒரு வாரத்துல நீயே கொண்டாந்து கட்டுவ," என்று மாமா சிரித்தார்.

பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்கள். ஷேர் ஆட்டோக்கள் எங்களைப் பார்த்ததும் வேகமெடுத்தன. கடைசியில் திண்டிவனத்துக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப்போன ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது.

"கடிக்குமாங்க?"

"கடிச்சா மொதல்ல என்னைத்தான் கடிக்கும். பின்னாடி அதுங்கூடவே ஒக்காந்துக்கினு வர்றேன்."

வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே என் மடியில் தலை வைத்து, வழிநெடுக நடுங்கிக்கொண்டே வந்தது.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டும் குதித்தன. நான் குதிக்கவிடவில்லை. "இது பொம்மை இல்ல. சோறு வைக்கிறது யாரு, நடக்க இட்டுக்கினு போறது யாருன்னு இப்பவே சொல்லுங்க. முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லிடுங்க." பிள்ளைகள் சோறும் தண்ணீரும் தங்கள் பொறுப்பு என்றார்கள். என் கணவர் நாயையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "காலையில நான் போறேன்," என்றார். மாலை நடை எனக்கு வந்தது.

மறுநாளே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். புண் ஆறி, உடம்பு தேறியபின் டாக்டர் கருத்தடை ஆபரேஷனும் செய்தார். தெருவில் கயிறில்லாமல் அதை அழைத்துப் போனதே இல்லை. ஒரு கையில் கயிறு, மறு கையில் அதன் கழிவை அள்ளப் பழைய பேப்பர்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு அந்தப் பேப்பர்தான் வேடிக்கை. "இன்னாங்க, பெத்த புள்ளைக்கு அள்ற மாதிரி அள்றீங்க? தெருவுல எத்தினி நாய் போவுது."

"இது எங்க நாய். நாங்கதான அள்ளணும்?"

வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று அவர்கள் எதிரிலேயே குனிந்து அள்ளினேன். மறுநாளும் அள்ளினேன்.

மழைக்காலம் முடிந்த சமயம் மாமா வந்தார். அவர் குரல் கேட்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. குனிந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"நல்லா தேத்திட்டியே. பாண்டியில ஒருத்தர் ஆண் லாப்ரடார் வச்சிருக்காரு. சேத்து வுட்டா குட்டி எடுத்து விக்கலாம். குடு, ஏத்திக்கினு போறேன்."

"தரமாட்டேன் மாமா. அதுக்கு ஆபரேஷனும் பண்ணியாச்சு."

"யாரைக் கேட்டு பண்ண? அது நான் வாங்கின நாயி."

"டோல்கேட்டாண்ட வுட்டிருந்தா யாரைக் கேட்டிருப்பீங்க?"

அவர் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினார். என் மகள் குறுக்கே போய்த் தரையில் உட்கார்ந்தாள். பத்து வயதுப் பெண்ணைத் தாண்டி அவரால் கை நீட்ட முடியவில்லை. வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர்கள் கட்டிய புது வீட்டுக்கு எங்களை அழைக்கவில்லை. மாமா வெளியே போயிருக்கும்போது மட்டும் அக்கா போன் செய்கிறாள். "ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடேன்டி," என்கிறாள். எனக்கு வருத்தம் இல்லாமலில்லை. கூடப் பிறந்தவள் வீட்டுப் படியை மிதிக்காமல் இருப்பது லேசில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்கிறேன்: "எதுக்குக் கேக்கணும்? கேக்கமாட்டேன்க்கா."