மணிக்குப் பக்கத்தில் பதினான்கு படங்கள்

சிவகாசியில் நான் நடத்தும் டிசைன் கடைக்கு இன்று மதியம் ஆமத்தூர் செல்வி அக்கா வந்தார். மகளின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் விட்டுப்போயிருந்தது. மாலைக்குள் திருத்தி அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

என் கம்ப்யூட்டரோ அரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

“நாளைக்கு வாங்கக்கா” என்றேன்.

“நாளைக்கு லீவு தரமாட்டாக தம்பி. கொஞ்சம் தள்ளுங்க, பாப்போம்.”

பட்டாசு கம்பெனி ஆபீசில் பில் போடுகிறவராம். திரையின் கீழ் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்புக்குறியை அழுத்தினார். பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் குட்டிப் படங்கள் பதினான்கு எட்டிப் பார்த்தன.

“எம்புட்டு சேத்து வச்சிருக்கீக! இதுல எதை யூஸ் பண்ணுறீக?”

இரண்டைத்தான் காட்ட முடிந்தது.

“மறைச்சு வச்சா மட்டும் பத்தாது. ஆன் பண்ணும்போதே அம்புட்டும் ஓட ஆரம்பிச்சிருது. அதை நிப்பாட்டணும்.”

அந்த இரண்டையும் வைரஸ் தடுப்பையும் விட்டுவிட்டு, மற்றவை தானாக ஓடாதபடி என்னிடம் கேட்டுக் கேட்டு நிறுத்தினார். அணைத்துப் போட்டதும் ஃபைல் உடனே திறந்தது. சம்பந்தியின் பெயரைச் சேர்த்தேன். அக்கா இரண்டு முறை வாசித்துவிட்டு, “இப்பத்தான் உசுரு வந்துச்சு” என்றார்.

எனக்கும்தான் அக்கா. ரொம்ப நன்றி.

உங்கள் திரையின் மூலையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள். பதினான்குக்கு மேல் யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.