நான் திறக்காத பெட்டிகள்

சென்ட் லோரன்ட் நூலகத்தில் கணினி பழக்க ஒரு தமிழர் வருவார். நரைத்த மீசை, கழுத்தில் எந்நேரமும் மஃப்ளர். பிறர் கடிதம் திரையில் திறந்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

நகராட்சித் தோட்டத்தில் எனக்கொரு பாத்தி கேட்டு, பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டு மின்னஞ்சல் போட்டிருந்தேன். பதிலைக் காணவில்லை. நாளையோடு தவணை முடிகிறது என்று அவள் சொன்னதும் நூலகத்தில் அவரிடம் போனேன். என் மின்னஞ்சலைத் திறந்து திரையின் ஓரத்தைக் காட்டினார்.

"அம்மா, இந்தப் பெட்டியளை ஏன் திறந்து பாக்கேல்லை?"

"நான் செய்யாத பெட்டி. ஆரோ பிறத்தியாற்றை சாமானை நான் ஏன் கிளறவேணும்?"

அவர் சிரித்துவிட்டார். "எல்லாம் உங்கடதான். மின்னஞ்சல் கொம்பனி தானாப் பெட்டி செய்து பிரிச்சுப் போடும்."

"என்னைக் கேக்காமலோ?"

"என்னையும் கேக்கேல்லை அம்மா."

விளம்பரங்களுக்கான பெட்டிக்குள் பதில் கிடந்தது. பாத்தி எனக்குத்தான், சம்மதம் சொன்னால் போதும். அவர் எழுதித் தர வந்தார், நான் விடவில்லை. ஒற்றை விரலால் பிரெஞ்சில் 'ஆம்' என்று நானே எழுதி அனுப்பினேன். எனக்கு எழுதத் தெரிந்த பிரெஞ்சு அந்த ஒரு சொல்தான்.

கோடையில் பயிற்றங்காய் நன்றாய்க் காய்த்தது. அவருக்கென்று ஒரு கட்டு நூலகத்துக்குக் கொண்டுபோனேன். அவர் இப்போது வருவதில்லை என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கொடியில் மட்டும் காயை இன்னும் பறிக்காமல் விட்டிருக்கிறேன்.