கடையை மூடிய பிறகு ஏறிய சர்க்கரை

என் அண்ணன் சிவனணைந்தபெருமாள் இருபத்தாறு வருஷம் குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தான். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் தார்ப்பாய் போட்ட கடை. ஆனியில் சாரல் விழுந்ததும் திறப்பான். ஐயப்ப சாமிகள் குளித்துவிட்டுப் போகிற தை மாதம் வரை நடத்துவான். மற்ற நான்கு மாதமும் மேலகரத்தில் வீட்டோடு கிடப்பான்.

மங்குஸ்தான்தான் அவனுக்குப் பிடித்த சரக்கு. பழத்தைக் கவிழ்த்து, அடியில் பூப்போல இருக்கும் தழும்பில் எத்தனை இதழ் என்று பார்த்து, உடைக்கும் முன்பே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடுவான். "தப்பாப் போனா பழம் சும்மா. சரியாப் போனா ரெண்டு கிலோ வாங்கணும், சம்மதமா சார்?" என்பான். உடைத்ததில் ஒரு சுளையைத் தானும் தின்று காட்டுவான். வியாபாரி தின்னாத பழத்தை எவன் நம்புவான் என்பது அவன் கட்சி.

நாற்பத்தேழு வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. வீட்டில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான். பரிசோதனைச் சீட்டுகளை நான்தான் வாங்கி ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பேன். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று பார்ப்பேன். எந்த மாதத்துச் சீட்டு என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பங்குனியில், வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பது வந்தது. பழம்தான் காரணம் என்று அன்றைக்கே தீர்மானித்து, கடையை விட்டுவிடச் சொன்னேன். மதினி குழல்வாய்மொழியும் என் பக்கம். அண்ணன் சண்டை போடவில்லை.

"பங்குனியில கடை ஏதுட்டி?" என்று மட்டும் கேட்டான்.

"எட்டு மாசம் தின்னது இப்பத்தான் காட்டுது," என்றேன்.

படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். கடையைச் சுடலைராஜ் என்பவனிடம் விட்டுக்கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் தெருவில் இறங்கியதே குறைவு. விடிவதற்கு வெகு முன்பே விழித்து, கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பானாம். சவரம் செய்துகொள்வதில்லை. காலையில் ஒரு இட்லி இறங்காது. பொழுது சாய்ந்ததும் பழைய சோறோ எதுவோ கையில் அகப்பட்டதைச் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை போட வேண்டிய மாத்திரை வியாழக்கிழமையும் அட்டையில் இருக்கும். சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. திருட்டுத்தனமாக ஏதோ தின்கிறான் என்று நினைத்தோம். மதினி அவன் விரல்களை முகர்ந்து பார்ப்பாள். நான் சட்டைப்பையில் மிட்டாய்த்தாள் தேடினேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், கையை நீட்டிக்கொண்டு எங்கள் முன்னால் நின்றான்.

"சீனி டப்பாவ எப்பத்தான் தொறக்குதாவளோ, எறும்பு கூடக் காட்டிக் குடுக்க மாட்டேங்கு," என்று மதினி கேலி செய்தாள். அண்ணன் சிரித்தான். அவள் உள்ளே போனதும் என்னிடம் சொன்னான்.

"ஏட்டி, நான் ஒண்ணும் திங்கல. முழிச்சா, எதுக்கு எந்திக்கணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

"அது சுகர் பண்ணுத அலுப்புண்ணே. எறங்கினா சரியாயிரும்," என்றேன்.

இந்தத் தையில் காலில் செருப்பு கடித்த புண்ணை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாசியில் வீச்சம் எடுத்த பிறகுதான் பார்த்தோம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே எப்சிபா என்ற டாக்டர், என் கையிலிருந்த சீட்டுகளை வாங்கி மேசையில் தேதிப்படி பரப்பினார். கடை இருந்த வருஷங்களில் ஆனியிலிருந்து தை வரை நூற்றிருபது, நூற்று முப்பது. மாசியில் ஏறத் தொடங்கி ஆனியில் இறங்கியிருந்தது. கடை போன பிறகு இறங்கவே இல்லை.

"இந்த மாசங்கள்ல இவர் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்டார். சொன்னேன்.

பழம் கொஞ்சம் ஏற்றியிருக்கும்தான், ஆனால் நாள் முழுக்க நின்று, நடந்து, பேசி அதைச் செலவழித்திருக்கிறார் என்றார். இவருக்கு மனச்சோர்வும் இருக்கிறது, அது தனி நோய். அது உடம்பில் சர்க்கரையை ஏற்றும் சுரப்புகளைத் தூண்டும், தூக்கத்தைக் கெடுக்கும், மாத்திரையை எடுக்க விடாது. ஏறிய சர்க்கரை ஆளை இன்னும் சோர வைக்கும். ஒவ்வொரு வருஷமும் நான்கு மாதம் விழுந்து, சீசன் வந்ததும் எழுந்திருக்கிறார் என்றார். அந்த எழும் வழியை யார் அடைத்தது என்று அவர் கேட்கவில்லை.

இரண்டுக்கும் மருந்து தொடங்கினார்கள். நான் குற்றாலம் போய்ச் சுடலைராஜைப் பார்த்தேன். "அண்ணாச்சி வந்து உக்காந்தாப் போதும்க்கா, கடை அவியளுக்குத்தான்," என்றான். அதைச் சொன்னதும் அண்ணன், மங்குஸ்தான் வைகாசிக் கடைசியிலேயே வந்துவிடும் என்றான். மறுநாள் சவரம் செய்துவிடச் சொன்னான். ஆனால் புண்ணின் விஷம் அதற்குள் ரத்தத்தில் கலந்திருந்தது. பங்குனி ஏழாம் தேதி போய்விட்டான்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் மதினி, "பழத்தத் தின்னே போயிட்டாவ," என்று சொல்வாள். மூன்று மாதமாக நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம், வந்தவர்கள் கிளம்பிய பிறகு, பழம் இல்லை மதினி என்று ஆரம்பித்து, டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னேன்.

"அப்ப, கடைய மூடாம இருந்திருந்தா?"

"இருந்திருப்பான் மதினி."

அவள் காப்பி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இப்போது யார் கேட்டாலும் சுகர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். என்னைச் சொல்வதில்லை.