ஆயிரத்துக்குப் பின் வரும் ஒன்று

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீட்டர் கிடக்கிறது. கம்பிச் சுருளின், அதாவது காயிலின், இண்டக்டன்ஸை, அதன் மின்தூண்டல் அளவை, அளந்து சொல்லும் கருவி. எண் தெரிகிற சின்னத் திரையின் வலது ஓரத்தில் மட்டும் சிவப்பு நகப்பாலீஷால் ஒரு வட்டம். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அது சோறு போடும் பொருள். அதில் யாரையும் கைவைக்க விடமாட்டேன். என் அக்காவின் கணவரை மட்டும் விட்டேன். நகப்பாலீஷ் அக்காவுடையது.

மாமா அரியலூரில் ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் இருந்தவர். மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை. எல்லாவற்றையும் உதறிவிட்டு ஒருநாள் மைக் செட் வைக்கப்போவதாகச் சொன்னார். அக்கா இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஃபேக்டரியில் அவருடைய இடத்தில் இன்னும் ஆள் போடவில்லை என்று தெரிந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். கடைசியில் இருவருக்கும் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. "ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுல ஒரு சாயங்காலம் எனக்கு வுட்டிருக்காங்க. அது சரியா வரலைன்னா திங்கக்கெழமை ஃபேக்டரி கேட்டுல நிப்பேன், போதுமா?" என்றார் மாமா. போதும் என்றாள் அக்கா. அவள் எந்தப் பக்கம் வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சாயங்காலத்துக்காக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை அவரே செய்தார். தடித்த ஓசையைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லிய ஓசையைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்ப ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காயில் வேண்டும். கடைக் காயிலில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. செம்புக் கம்பி வாங்கித் தானே சுற்றினார். வரைபடத்தில் போட்டிருந்த அளவு ஆயிரத்து இருநூறு மைக்ரோ ஹென்றி. அளந்து பார்க்க என் மீட்டரை வாங்கிப் போனார்.

விழாவுக்கு முந்தின நாள் போன் வந்தது. "ஒன் மீட்டரு கெட்டுப்போச்சா, இல்ல என் நேரம் கெட்டுப்போச்சான்னு தெரியல. நீ வா" என்றார். குரல் சரியில்லை. மதியமே லீவு சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன்.

கூடம் முழுக்கச் செம்புக் கம்பி சிக்கல் சிக்கலாகக் கிடந்தது. நடுவில் மாமா சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் சுற்றுவார், கம்பியின் பூச்சை ஓரிடத்தில் சுரண்டி மீட்டரில் வைப்பார், அங்கே டேப் ஒட்டிவிட்டு மறுபடி சுற்றுவார். என் கண்ணெதிரே எண் ஏறியது. தொள்ளாயிரம். தொள்ளாயிரத்து எண்பது. இன்னும் சில சுற்று சுற்றி வைத்தார். திரையில் 1.01.

"பாத்தியா! செத்துப்போச்சு. ஆயிரம் தொடுற நேரத்துல உள்ளுக்குள்ள ஷார்ட் ஆயிடுது. காலையிலேர்ந்து இதே கததான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மாமா, ஆயிரம் மைக்ரோ சேர்ந்தா ஒரு மில்லி. மீட்டரு தானா மாத்திக்கிச்சு. ஓரத்துல இருக்கற எழுத்தப் பாருங்க, மில்லி ஹென்றின்னு காட்டுது. ஒண்ணு புள்ளி ரெண்டு வந்தா ஒங்க ஆயிரத்து இருநூறுதான்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் கடுகளவு எழுத்தைப் பார்த்தார். "அப்ப நல்லா வளந்துக்கிட்டிருந்ததத்தான் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டனா?" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த எண் மாற்றத்தை நான் லேபில் தினமும் பார்க்கிறவள். பொருள் பெருகுகிற அதே கணத்தில் எண் சுருங்கிவிடுவது எனக்குச் சாதாரணம். அது ஒரு மனிதரைச் சுற்றியதையெல்லாம் எப்படிப் பிரித்துப்போட வைக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமாக இருந்தது.

திரும்பத் திரும்பச் சுரண்டிய கம்பி எதற்கும் உதவாது. கையிலிருந்த காயிலை முடிக்கத்தான் மிச்சக் கம்பி போதுமாக இருந்தது. ஆகவே மறுநாள் கோயில் மைதானத்தில் மேடைக்கு இடப்பக்கம் புதுப்பெட்டி, வலப்பக்கம் யாரிடமோ இரவல் வாங்கிய பழைய குழாய் ஸ்பீக்கர். அக்காவும் வந்திருந்தாள். பாட்டு தொடங்கியதும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். வலப்பக்கம் இருந்த பெண்கள் சிலர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். போகிறார்களோ என்று நானும் எழுந்து பார்த்தேன். அவர்கள் இடப்பக்கம் வந்து பாயை விரித்தார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முடிந்ததும் ஃபாதர் வந்து, "அடுத்த தடவ ரெண்டு பக்கமும் இதையே வச்சுடுங்க, எனக்குக் கூட்டம் ஒரு பக்கமா சாயுது" என்றார்.

திங்கட்கிழமை மாமா ஃபேக்டரி கேட்டில் நிற்கவில்லை. மத்தியானம் வரை தூங்கினார். அக்கா எழுப்பவில்லை. சாயங்காலம் மாமா மீட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, ஓரத்து எழுத்தைச் சுற்றி அந்தச் சிவப்பு வட்டம் இருந்தது.

போன மாதம் திருமழபாடியில் ஒரு கல்யாணம். ஒலி அமைப்பு மாமாதான். பந்தியில் பெரியப்பா ஒருவர் அக்காவிடம் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "எவ்வளவு பெரிய ஃபேக்டரி! அத வுட்டுட்டு இன்னும் மைக் செட்டுதானா ஒம் புருசன்?" அக்கா இலையிலிருந்து நிமிர்ந்தாள். "நம்பர மட்டும் பாத்தா எப்புடிங்க பெரியப்பா? ஓரத்துல எழுத்தையும் பாக்கணும்" என்றாள். பெரியப்பா ஒன்றும் புரியாமல் பந்தல் வாசல் பேனரின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார். எதிர் வரிசையில் மாமாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

ஊர் திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். வட்டத்தில் பாதி உதிர்ந்திருந்தது. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த தடவை வரும்போது நகப்பாலீஷ் பாட்டிலை எடுத்து வருகிறேன் என்றாள்.