நான் எழுதிக் கொடுத்த வயது

மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்க் காலனியில் தொண்ணூறுகளில் ஒருவருடைய வயது, அவர் பிறந்த நாளைப் பொறுத்ததல்ல; கையில் இருக்கும் விண்ணப்பத்தைப் பொறுத்தது. பள்ளியில் சேர்க்க ஒரு வயது, வேலைக்குப் போக ஒரு வயது, முதியோர் உதவித்தொகைக்கு வேறொரு வயது. பாதிப் பேர் வீட்டிலேயே பிறந்தவர்கள், பதிவு கிடையாது. வேண்டிய வயதை எழுதிக் கொடுப்பவன் நான். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தேன். மலையாளத்தில் பிழையில்லாமல் எழுதுவேன். எந்த நோட்டரி தலை நிமிராமல் முத்திரை குத்துவார் என்பதும் எனக்குத் தெரியும். இதற்காக யாரிடமும் ஒரு சாயாகூட வாங்கிக் குடித்ததில்லை. அதனால் அதைச் சேவை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து காலனியில் குடியிருந்த ஒரு பெண் ஒருநாள் தன் இளைய மகளோடு வந்தாள். கணவன் இல்லை. மகளுக்குப் பதினாலு வயது. இறால் உரிக்கும் ஷெட்டில் வேலைக்குச் சேர்க்க வேண்டும், பதினெட்டு ஆகிவிட்டதாகப் பத்திரம் கேட்கிறார்கள் என்றாள். எந்த ஷெட், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் தோப்பும்படியில் இருக்கும் ஏதோ ஒன்று என்று நானே முடிவு செய்துகொண்டேன். அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு தாளிலும் இருபது கேள்வி கேட்கிறவன், வீட்டுக்கு வந்த தாளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

தாயின் உறுதிமொழியாக மலையாளத்தில் எழுதி, தமிழில் படித்துக் காட்டினேன். வயதைப் படித்த இடத்தில் மகள் சிரித்துவிட்டாள்.

"அய்யோ சார், எங்க அக்காவுக்கே பதினாறுதான். இனிமே அவதான் என்னை அக்கான்னு கூப்பிடணும்."

"கூப்பிடச் சொல்லு. கவர்ன்மென்ட் கணக்குல நீதான் மூத்தவ" என்றேன் நானும். பிறகு, என் தொழில் புத்தி சும்மா இருக்காமல், ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தேன். "யார் கேட்டாலும் பதினெட்டுன்னு தயங்காம சொல்லணும். தயங்கினாத்தான் சந்தேகம் வரும்."

தாய் கைநாட்டு வைத்தாள். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். யார் பார்த்தாலும் பெயர் புரியாத கையெழுத்து அது. பல வருட அலுவலகப் பயிற்சி.

சில வாரங்கள் கழித்து, காலனியிலிருந்து முந்தைய வருடம் குஜராத்துக்கு இறால் வேலைக்குப் போன இரண்டு பெண்களில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள். விரல்கள் வெந்து தோல் உரிந்திருந்தன. பூட்டிய அறையில் தூங்க வைத்தார்கள் என்றாள். மற்றவள் எங்கே என்று கேட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே காலனிப் பெண்கள் ஒரு கமிட்டி அமைத்தார்கள். நாலு பேருக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளையும் போட் ஜெட்டியைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் அதன் சட்டம். துப்புரவு வேலை செய்த ஒரு சேச்சி தலைவி. நடைமுறை தெரிந்தவர் வேண்டுமென்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நானும் ஒரு நோட்டு வாங்கி, வரிசை எண் போட்டுக் கோடு கிழித்தேன்.

ஒரு காலை பத்து மணி இருக்கும். ஏஜென்ட் பெண் ஒருத்தி மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு குஜராத் ரயிலைப் பிடிக்க எர்ணாகுளம் போட்டுக்காக ஜெட்டியில் நிற்கிறாள் என்று தகவல் வந்தது. சேச்சி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, சேச்சி ஏஜென்டின் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு போலீஸ்காரரும் வந்திருந்தார்.

"கொச்சுப் பிள்ளைங்கள எங்கடி கொண்டு போறே? ஒன் மவளக் கொண்டு போவியா அங்க?"

"கையெடு சேச்சி. எல்லாத்துக்கும் ரெக்கார்டு உண்டு" என்று ஏஜென்ட் மூன்று தாள்களை எடுத்து நீட்டினாள்.

போலீஸ்காரர் மேலே இருந்த தாளைப் படித்தார். என் எழுத்து நாலடி தள்ளி நின்றாலும் எனக்குத் தெரியும். தென்காசிக்காரியின் மகள் ஒரு புதுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மோளே, வயஸ்ஸு எத்ரயா?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல.

"பதினெட்டு" என்றாள். தயங்கவில்லை.

சேச்சி என் பக்கம் திரும்பினாள். "சாரே, நீங்க பாருங்க. இந்தக் கடலாசுல எழுதியிருக்கறது நெசந்தானா? இதுக்கு முகத்தப் பாத்தா பதினெட்டாவா இருக்கு?"

உறுதிமொழி தவறு என்று சாட்சிக் கையெழுத்திட்டவன் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். ஒரு வெள்ளைத்தாள், நாலு வரி, ஒரு கையெழுத்து போதும். அந்த நடைமுறை எனக்குத் தெரிந்த அளவு அந்தப் போலீஸ்காரருக்கே தெரியாது. அதற்குப் பின் என்மேல் வரக்கூடிய துறை விசாரணையின் நடைமுறையும் எனக்குத் தெரியும். தாளை வாங்கினேன். முத்திரையைப் பார்த்தேன், வரிசை எண்ணைப் பார்த்தேன்.

"முறைப்படி சரியாத்தான் இருக்கு" என்றேன்.

சேச்சி பையை விட்டாள். மற்ற இரண்டு பெண்களும் பெரியவர்கள்தான். போட் கிளம்பியது.

மூன்று மாதம் ஒரு கடிதமும் இல்லை. பிறகு தென்காசிக்காரியும் மூத்த மகளும் வந்தார்கள், மகளைக் காணோம் என்று மனு எழுத. பேனாவை எடுத்தேன். பெயர் எழுதினேன். அடுத்த கட்டம் வயது. பதினெட்டு என்றால், வயது வந்தவள், தன் விருப்பத்தில் போனாள் என்று மனுவை மடித்து வைப்பார்கள். பதினாலு என்று எழுதினேன். முதல் பத்திரம் பொய், அதை எழுதியவன் நான் என்றும் எழுதி, அன்றுதான் முதல்முறையாகப் பெயர் தெரியும்படி கையெழுத்திட்டேன். சேச்சியிடமும் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அன்னிக்கு ஜெட்டியில இது ஒரு நிமிஷ வேல இல்லியா சாரே?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஏஜென்ட் அன்று ஜெட்டியில் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டுப் போன நகலையும் என் மனுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் சாரின்றே எழுத்தல்லே? இதில் ஏதா விஸ்வஸிக்கேண்டது?"

எதை நம்புவது என்பதற்குப் பதில் அவருக்கே தெரியும். நோட்டரி முத்திரை உள்ள, தேதியில் முந்தைய ஆவணமே செல்லும். அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பதிவேட்டில் பதினெட்டு என்று எழுதினார். என்மேல் விசாரணை எதுவும் வரவில்லை. முழு ஓய்வூதியத்தோடு வெளியே வந்தேன். அவள் வரவில்லை.

அன்று ஸ்டேஷன் வாசலில் தாய் காத்திருந்தாள். அவளுக்கு மலையாளமும் தெரியாது, எழுத்தும் தெரியாது.

"என்ன வயசு போட்டாங்க சார்?"

"பதினாலு" என்றேன். தயங்காமல்.