அரைத் தாங்கித் தண்ணீர்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், காற்றே இல்லாத ஒரு பின்னேரம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதற்காகத் தேற்றாத்தீவிலிருந்து வந்து, வாவிக் கரையில் பாதைக்குக் காத்திருந்தேன். எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர்.

என் வேலையும் மிதக்கிற வேலைதான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக, வீட்டிலிருந்தபடியே மென்பொருளில் கப்பல்களின் சமநிலையைத் திட்டமிடுகிறேன். சில கப்பல்கள் வேண்டுமென்றே தண்ணீருக்குள் தாழும். மூழ்கிய தளத்துக்கு மேலே இன்னொரு பெரிய கலத்தை மிதக்கவிட்டு இழுத்து வந்து நிறுத்துவார்கள். பிறகு கப்பல் மெல்ல மெல்ல எழுந்து அதை முதுகில் சுமந்துகொண்டு போகும். நான் இதை நேரில் கண்டதே இல்லை. கனவில் அடிக்கடி காண்கிறேன், அதுவும் எங்கள் வாவியில்.

மறுநாள் ஒரு கப்பல் மண் தோண்டும் கலம் ஒன்றை ஏற்றவிருந்தது. அதற்கான சமநிலைக் கணக்கைப் பாதைக்கு வந்த அன்று காலைதான் முடித்து அனுப்பியிருந்தேன். திரையில் எல்லாம் பச்சை. நானும் நல்ல மிதப்பில்தான் இருந்தேன்.

பாதை ஓட்டுபவன் என்னோடு பத்தாம் வகுப்பில் படித்தவன். கணக்குப் பாடத்தில் என் கொப்பியைப் பார்த்து எழுதித் தப்பியவன். அன்று பாதி நிரம்பிய தண்ணீர்த் தாங்கியை இழுத்து வந்த உழவு இயந்திரத்தை மறித்துக்கொண்டு நின்றான்.

"நிரப்பிக் கொண்டு வா, இல்லாட்டி ஊத்திப்போட்டு வா. அரைத் தாங்கிய ஏத்த ஏலா."

"பாரம் குறைவுதானே?" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"பாரம் கிடக்கட்டும் கா. பாதை ஒரு பக்கம் சரிஞ்சா அந்தத் தண்ணியும் அந்தப் பக்கமே ஓடும். பிறகு நிமிர விடாது."

சாரதி முணுமுணுத்துக்கொண்டே மிச்சத் தண்ணீரைக் கரையிலிருந்த வீடுகளுக்குக் குடம் குடமாகக் கொடுத்துத் தீர்த்தார். பாதைக்காரன் எங்கள் தலைகளை விரலால் எண்ணினான். பதினொரு பேர். பாதை நகர்ந்தது.

நடு வாவியில் வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகிவிட்டன. போகிறோமா நிற்கிறோமா என்றே தெரியவில்லை. கண் சொருகியது. வழக்கம்போல் என் கப்பல் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தது, முதுகில் அந்தக் கலம். எழும்போதே மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. அவசரமே இல்லாமல், தூங்கப்போகிற மாதிரி. திரும்பி நிமிரவில்லை.

திடுக்கிட்டு விழித்தேன். ஏற்றவிருந்த கலத்துக்குள், அதன் அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் நிற்பதாக அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதை எடையில் சேர்த்திருந்தேன். அது அங்குமிங்கும் ஓடும் என்று மென்பொருளுக்குச் சொல்லவே இல்லை. கப்பலின் சொந்தத் தாங்கிகளுக்கு ஒன்றுவிடாமல் பார்த்தவள், கப்பல் சுமக்கப் போகும் கலத்தை வெறும் கல்லாக நினைத்துவிட்டேன். தளம் நீரைவிட்டு எழும் நேரம்தான் கப்பல் மிகவும் தள்ளாடும் நேரம். படித்ததெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன்.

நடு வாவியிலேயே தொலைபேசியில் ஏற்றும் வேலையின் பொறுப்பாளரைப் பிடித்து, "ஏற்ற வேண்டாம், என் கணக்குப் பிழை" என்றேன். அக்கா வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, மென்பொருளில் அந்தத் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தேன். பச்சையெல்லாம் சிவப்பானது. கலத்துக்குள் இருந்த தண்ணீரை முழுதும் இறைத்த பிறகே ஏற்றினார்கள்.

திரும்பி வரும்போது பாதைக்காரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன்னைப் புகழ்ந்ததை அவன் காதில் வாங்கவே இல்லை.

"அந்தக் கப்பலில எத்தின பேர் கா இரிக்காங்க?" என்றான்.

எனக்குத் தெரியாது. மென்பொருளில் அவர்கள் ஒரே வரி: மாலுமிகளும் உடைமைகளும், இத்தனை தொன் எடை. இப்போதெல்லாம் புதுக் கப்பல் ஒன்று கைக்கு வந்தால், எதையும் பதிவதற்கு முன்னால் அதில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். அந்த எண்ணைக் கேட்கும் கட்டம் மென்பொருளில் எங்குமே இல்லாததால், கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.