அஸ்லாம் பெயரில் இருந்த தளம்

லெப்பைக்குடிக்காட்டில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு வருவதற்கு முன்பே உபைத்துக்குத் தகவல் வந்துவிடும். கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர், கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, இறந்தவர் எந்தத் தெரு, யாருடைய தகப்பனார், யாருக்கு மாமனார், ஜனாஸா எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் விசாரித்து 'குடிக்காடு செய்தி' என்கிற இணையதளத்தில் போட்டுவிடுவார். ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார்கள். சொந்தத் தகப்பனின் மௌத்துச் செய்தியைக்கூட அந்தத் தளத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. வாட்ஸப் வந்த பிறகும் ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் இருந்த நம்பிக்கை குறையவில்லை. வாட்ஸப்பில் ஆயிரம் வரும், உபைத் போட்டால்தான் உண்மை என்பார்கள்.

தளத்தை ஆரம்பித்தது அவர் இல்லை, அஸ்லாம். தெற்குத் தெருக்காரர், உபைத்தைவிட மூன்று வயது இளையவர். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் உபைத்தின் கடையில் உட்கார்ந்திருந்த நாட்களில் அதை உருவாக்கினார். ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் தன் பெயரில் கணக்குத் தொடங்கி, தளத்துக்கு இடம் பிடித்தார். அடுத்த வருடமே ஸ்டோர் கீப்பர் வேலைக்கு விசா வந்து அவர் போய்விட, எழுதுகிற வேலை உபைத்திடம் வந்தது. கணக்கு அஸ்லாம் பெயரிலேயே இருந்தது. வருடா வருடம் அங்கிருந்து அவரே புதுப்பித்துவிடுவார். பதின்மூன்று வருடமாக அதை மாற்ற வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் அஸ்லாம் திரும்பத் திரும்பச் சொல்வார். "அண்ணே, போன்ல எடுத்த படத்த அப்படியே ஏத்தாதீங்க. ஒரு படம் அஞ்சு எம்பி வருது. நம்ம பிளான்ல மாசம் பத்து ஜிபிதான். அவ்வளவுதான் சைட்டுலேருந்து வெளிய போவும். அதுக்கு மேல ஆளு வந்தா சைட்ட அவனே மூடிருவான், அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிதான் தொறப்பான். சுருக்கிட்டு ஏத்துங்க."

"சரிப்பா" என்பார் உபைத். அவசரத்தில் மறந்துவிடுவார். அப்படி ஒன்றும் மூடிக்கொண்டதும் இல்லை.

போன செப்டம்பர் இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை. அஸ்லாம் வேலை பார்த்த ஊரில், தொழிலாளர்கள் தங்கியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் விடிவதற்கு முன் தீப்பிடித்தது. விடுமுறை நாள் என்பதால் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறிவிட்டது. காலை எட்டு மணிக்கெல்லாம் லெப்பைக்குடிக்காட்டில் செய்தி பரவி, உபைத்தின் கடை முன் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கட்டடத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் பதினேழு பேர். யாருடைய போனுக்கும் மணி போகவில்லை. உபைத் அஸ்லாமின் எண்ணுக்கு முப்பது தடவையாவது அடித்திருப்பார்.

பத்தேகால் மணிக்கு அங்கிருந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர் கவுஸ் ஒரு படம் அனுப்பினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, யாரையும் நேரில் பார்க்காமல், கேட்டதை வைத்து ஒரு தாளில் அவர் எழுதியிருந்த பட்டியல். மேலே 'ஆஸ்பத்திரியில் நலம்' என்று பதினொரு பெயர்கள். கீழே 'விவரம் தெரியவில்லை' என்று ஐந்து. எண்ணினால் பதினாறுதான் வந்தது. மேல் வரிசையில் நான்காவது பெயர், 'அஸ்லாம், பெரம்பலூர்'.

உபைத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டச்சு செய்ய நேரமில்லை என்று அந்தப் படத்தை அப்படியே ஏற்றினார். அதற்கு மேலே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'நம் தெற்குத் தெரு அஸ்லாம் நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.' கவுஸ் எழுதியிருந்தது பெரம்பலூர் என்று மாவட்டப் பெயரை மட்டும்தான். தெற்குத் தெரு என்று எழுதியது உபைத்.

ஒன்றரை மணி நேரத்தில் தளம் நின்றுவிட்டது. வெள்ளைப் பக்கத்தில் 'பேண்ட்வித் லிமிட் எக்ஸீடட்' என்று ஒரே வரி; அந்த மாதத்துக்கான பத்து ஜிபி தீர்ந்துவிட்டது. ஊரில் இருந்தவர்கள், பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆட்கள், நாலைந்து நாடுகளில் இருந்த ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த ஐந்து எம்பி படம் போயிருக்கிறது.

உடனே போன் வர ஆரம்பித்தது. செந்துறையிலிருந்து சாமிதுரை என்று ஒரு விவசாயி கூப்பிட்டார். "சார், எம் மவன் முத்தமிழு அந்தக் கட்டடத்துலதாங்க இருந்தான். ஒங்க சைட்டுல பேரு போட்டுருக்குன்னாங்க. தொறக்க மாட்டேங்குதுங்களே."

உபைத் தாளைப் பார்த்துச் சொன்னார். "இருக்காருங்க. ஆஸ்பத்திரியில நலம்னு போட்டிருக்கு."

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

"முத்தமிழ், செந்துறை. நலமா இருக்காருங்க."



உபைத் ஹோஸ்டிங் கம்பெனியின் உதவிப் பக்கத்துக்குப் போனார். அங்கே ரோஹன் என்ற பெயரில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார். உபைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தீவிபத்து, பட்டியல், குடும்பங்கள் காத்திருக்கின்றன, இன்று ஒரு நாள் மட்டும் திறந்து விடுங்கள் என்று எழுதினார். சிரமத்துக்கு வருந்துவதாகவும், பெரிய பிளானுக்கு மாறினால் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும் என்றும் பதில் வந்தது. மாறிக்கொள்கிறேன் என்றார் உபைத். கணக்கின் உரிமையாளருடைய போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லுங்கள் என்று வந்தது.

அந்தப் போன் அஸ்லாமுடையது.

உரிமையாளர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் போன் தீயில் போயிருக்கும் என்று எழுதினார். ரோஹன் மறுபடியும் வருந்தினார். அப்படியானால் உரிமையாளர் வேறு எந்த எண்ணிலிருந்தாவது கூப்பிட்டு, கணக்குத் தொடங்கும்போது கொடுத்த ரகசியக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் என்றார். என்ன கேள்வி என்பதை உபைத்திடம் சொல்ல முடியாதாம்.

ஜும்ஆவுக்கு நேரமாகியிருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பிறகு இமாம் பட்டியலை மைக்கில் வாசித்தார். யாரோ எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத்தான் வாசித்தார். நம் தெற்குத் தெரு அஸ்லாம் என்று வந்தபோது, வரிசையில் நின்ற நாலைந்து பேர் உபைத்தைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

கடைக்குத் திரும்பியதும் கவுஸைப் பிடித்தார். "கவுஸ், ஒரு உதவி. அஸ்லாம்ட்ட போனக் குடுப்பா. ஒரே நிமிஷம். சைட்டு நின்னுபோச்சு, அவரு ஒரு பதில் சொன்னாத்தான் தொறப்பாங்க."

"நான் கீழ இருக்கேன் அண்ணே. அவரு மூணாவது மாடி வார்டு. போயிட்டுக் கூப்புடுறேன்."

இருபது நிமிடம் கழித்துப் போன் வந்தது; கவுஸ் வார்டு வாசலில் நின்று ஒரு நர்ஸிடம் போனைக் கொடுத்தனுப்பியிருந்தார். இருமலுக்குப் பிறகு ஒரு குரல் "ஹலோ" என்றது.

"அஸ்லாம், எப்படிப்பா இருக்க? பேச முடியுதா?"

"முடியுதுங்க. நீங்க யாருங்க?"

உபைத் எழுந்து நின்றார். "உபைத். கடையிலேருந்து. சைட்டு விஷயமா."

"என்ன சைட்டுங்க?"

"நீ... நீங்க எந்த ஊரு?"

"வி.களத்தூருங்க. பெரம்பலூர் மாவட்டம்தான். வந்து எட்டு மாசம்தான் ஆவுது."

இருபது வயது தாண்டாத குரல். அவன் பெயரும் அஸ்லாம்தான்.

போன் திரும்பக் கவுஸ் கைக்கு வந்தது. பிறகு உபைத், "கவுஸ், அங்க இன்னொரு அஸ்லாம் இருக்காரான்னு பாரு" என்றார். கவுஸ் எல்லா வார்டுகளிலும் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பிணவறைக்குப் போனார். மூன்றேகால் மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார். "அண்ணே, பாத்துட்டேன். நம்ம அஸ்லாம்தான். பொகைதான் அண்ணே. மொகத்துல ஒண்ணுமே இல்ல, தூங்குற மாதிரிதான் இருக்காரு."

உபைத்துக்கு முதலில் ஓடியது விரல்தான். தன்னையறியாமல் தளத்தின் பக்கத்தைத் திறந்தார், அந்த வரியை அழிப்பதற்கு. வெள்ளைப் பக்கம் வந்தது. அழிப்பதற்கும் வழியில்லை. தளம் திறந்திருந்தாலும் என்ன பயன்? எத்தனை போன்களில் அந்த வரி சேமிக்கப்பட்டிருந்ததோ. சங்க குரூப்பில் 'பட்டியலில் தவறு இருக்கிறது, யாரும் பகிர வேண்டாம்' என்று மட்டும் போட்டார். சாமிதுரைக்குப் போன் செய்து, மறுபடி விசாரித்துச் சொல்கிறேன் என்றார். "நீங்க சொன்னத நம்பி சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டேனேங்க" என்றார் அவர். கவுஸ் போய்ப் பார்த்தார். முத்தமிழ் உயிரோடுதான் இருந்தான், இரண்டு கைகளும் வெந்திருந்தன.

பிறகு கடையைப் பூட்டிவிட்டுத் தெற்குத் தெருவுக்கு நடந்தார். போனில் சொல்கிற செய்தி இல்லை. வேறு யாரையாவது அனுப்பலாமா என்று ஒருகணம் நினைத்தார். போட்டது தான்தான் என்பதால் கால் நிற்கவில்லை.

அஸ்லாம் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. காலையில் அழுதுகொண்டு வந்த பெண்கள் எல்லாம் இப்போது உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அஸ்லாமின் மனைவி ஜன்னத் ஒரு தட்டில் பேரீச்சம்பழம் வைத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு இருந்தது. உபைத்தைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க அண்ணே. எடுத்துக்கங்க. காலையிலேருந்து உசுரே இல்ல. நீங்க போட்டதப் பாத்தப்பறந்தான் தண்ணி குடிச்சேன். ஒங்களுக்காக துஆ செஞ்சேன் அண்ணே. எப்பப் பேசுவாருன்னு கவுஸ் அண்ணன் சொன்னாரா?"

உபைத் தட்டைத் தொடவில்லை. "ஜன்னத்து, ஒங்க அண்ணன் இருக்காரா?"

"கடைக்குப் போயிருக்கு. ஏன் அண்ணே?"

அவர் நின்ற விதத்தைப் பார்த்து உள்ளே பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

"அது வேற அஸ்லாம்மா" என்றார். "வி.களத்தூர்ப் பையன். நம்ம அஸ்லாம் மௌத்தாயிட்டாரு. கவுஸ் நேர்ல பாத்துட்டாரு."

ஜன்னத் நம்பவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்துத் தேடி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "தெற்குத் தெருன்னு இருக்கே. பாருங்க. நீங்கதானே போட்டிங்க?"

"நான் தப்பாப் போட்டுட்டேம்மா."

"நீங்கதானே போட்டிங்க?" என்று மறுபடி கேட்டாள். குரல் உயரவே இல்லை. மூன்றாவது தடவை கேட்டபோது அவளுடைய மாமியார் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. பெண்கள் எழுந்து ஓடினார்கள். உபைத் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஐந்து நாள் கழித்து, அக்டோபர் முதல் தேதி. உபைத் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து படுத்திருந்தார். மனைவி பெனாசிர் போனைக் கொண்டுவந்து காட்டினாள். புது மாதம் பிறந்ததால் தளம் தானாகத் திறந்துகொண்டிருந்தது. முதல் பக்கத்தில் அதே படம். அதற்கு மேலே அவருடைய வரி. அதற்குள் பதினாறு பேர் பார்த்திருந்தார்கள். அவர் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அஸ்லாமின் ஜனாஸா அறிவிப்பை எழுதினார். யாருடைய மகன், யாருடைய கணவர், யாருக்கு மருமகன் என்று வழக்கம்போலவே எழுதினார். மூன்று நாள் கழித்து மய்யித்து திருச்சி விமானநிலையத்துக்கு வந்து, மாலைக்குள் ஊர் மையவாடியில் அடக்கம் நடந்தது. ஜன்னத்தின் அண்ணன் கூட்டத்தில் உபைத்தைப் பார்த்தும் ஸலாம் சொல்லவில்லை.

கணக்கைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினார். இறப்புச் சான்றிதழும், வாரிசின் சம்மதக் கடிதமும் வேண்டும் என்றார்கள். சான்றிதழ் இல்லாமல் தளத்திலுள்ள பழைய பதிவுகளை இறக்கிக்கொள்ளவாவது வழி உண்டா என்று கேட்டார். அதற்கும் உரிமையாளரின் ஓடிபி வேண்டுமாம். ஒவ்வொரு பதிவாக நகலெடுக்க உட்கார்ந்தார். இரண்டு வருடத்துப் பதிவுகளுக்கு மேல் முடியவில்லை. எந்தப் பெயரைத் தட்டினாலும் இது சரிதானா என்று கை நின்றது. புதிய செய்திகள் போடுவதையும் விட்டுவிட்டார். மௌத்துச் செய்தி சொல்ல யாராவது கூப்பிட்டால், "பள்ளியில சொல்லிருங்க" என்று வைத்துவிடுவார்.

டிசம்பரில் ஒரு பகல் ஜன்னத் கடைக்கு வந்தாள். பக்கத்துக் கடையில் மெஷின் கெட்டிருந்தது, வேறு வழியில்லை. அஸ்லாம் வேலை பார்த்த கம்பெனிக்கும் தூதரகத்துக்கும் அனுப்ப வேண்டிய தாள்கள் ஒரு உறையில் இருந்தன. உறையை மேசையில் வைத்து, "அஞ்சு அஞ்சு காப்பி" என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

உபைத் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். மூன்றாவது தாள் அஸ்லாமின் இறப்புச் சான்றிதழ். ஐந்து நகல் வந்து விழுந்தது. இன்னொரு தடவை பட்டனை அழுத்தினால் ஆறாவது வந்துவிடும், அவளுக்குத் தெரியாது. சம்மதக் கடிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் மூடியைத் தூக்கி அசலை எடுத்தார். ஐந்தையும் அசலோடு சேர்த்துக் கிளிப் போட்டுக் கொடுத்தார்.

அவள் எண்ணிப் பார்த்தாள். உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஜனவரியில் புதுப்பிக்க வேண்டிய நாள் கடந்தது. ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, தளத்தின் கோப்புகளையெல்லாம் நீக்கிவிட்டதாக ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து அஸ்லாமின் மெயிலுக்குக் கடிதம் போயிருக்கும். அதை யாரும் பார்க்கவில்லை.